சோமகலா: மதிப்பீட்டு அறிக்கையில் சேராதவை

வங்கிக்காக அளக்க வந்தவள் நான்.
நீளம் தொண்ணூற்றாறு அடி, அகலம் நாற்பத்தெட்டு.
மேற்கெல்லை வாவி.
கூரை ஆஸ்பெஸ்டஸ், பின்னர் போடப்பட்டது.
தற்போதைய பயன்பாடு: டைல்ஸ், குளியலறைப் பொருட்கள்.
இவ்வளவும் படிவத்தில் அடங்கியது.

பேனை கைதவறி விழுந்தது.
விழுந்த இடத்தில் கிடக்கவில்லை.
வாஷ் பேசின்களுக்கு இடையால் உருண்டு போய்
வடக்குச் சுவரில் முட்டி நின்றது.
"இஞ்ச எல்லாம் அப்பிடித்தான் மிஸ்.
முந்தி தியேட்டர். தரை திரைப்பக்கம் சரிவு.
நிரப்ப ஆறு லட்சம் கேட்டானுகள். விட்டிட்டன்."

மாடிப்படிக்குக் கீழே தகரப் பெட்டி.
கறையான் மிச்சம் வைத்த
பதினொரு வசூல் புத்தகங்கள்.
கிளாக் காசுபதியின் கையெழுத்து,
ஒவ்வொரு ஏழுக்கும் இடுப்பில் ஒரு கோடு.
கலரி 212. இரண்டாம் வகுப்பு 90. பெல்கனி 14,
அதில் ஆறு ஓசி, கச்சேரிக் குடும்பம்.
கச்சான் குத்தகை வரவு.
மூட்டைப்பூச்சி மருந்து செலவு.
காபன் குச்சி அரைக்கட்டு, பல்தசார் கேட்டது.

பல்தசார் ஒப்பரேட்டர்.
ஞாயிறு காலை கோயிலில் வயலின்.
மாலையில்
இரண்டு குச்சிகளின் நுனியில் சூரியனை மூட்டுவார்.
ஒரு படம், ஒரு பிரதி, இரண்டு ஊர்.
கல்முனையில் ஓடி முடிந்த ரீல்களை
மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு
ஆதம்பாவா இருபத்தைந்து மைல் வரவேண்டும்.
கல்லடிப் பாலத்தில் எதிரே பஸ் வந்தால்
காதலர்கள் பிரிந்தபடியே நிற்கவேண்டியதுதான்.

பெட்டி பிந்திய ஒரு வெள்ளிக்கிழமை
பல்தசார் மூன்றாம் ரீலையே திரும்பப் போட்டார்.
ஏழாம் ரீலில் செத்த தங்கச்சி
எழும்பி வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.
"3ம் ரீல் இருமுறை. சனம் சந்தோசம்.
ஒருவரும் காசு திருப்பிக் கேட்கவில்லை."

எழுபத்தெட்டுக் கார்த்திகை, சூறாவளி.
அந்தப் பக்கம் முழுக்க மை கரைந்து நீலக் குளம்.
அடுத்த பக்கத்தில் ஒரே வரி: கூரை இல்லை.
அதற்கடுத்து,
"இரவுக் காட்சி மட்டும்.
குடை கொண்டு வருவோர் பின்வரிசைக்குப் போகவும்."
பிறகு ஒரு நாள்,
"பறுவ நிலவில் படம் வெளிறுகிறது. காட்சி ரத்து."
இதை இரண்டு தரம் வாசித்தேன்.
நிலவால் நட்டமான கணக்கை
என் உத்தியோகத்தில் நான் கண்டதில்லை.

எண்பதுகளில் எண்கள் மெலிகின்றன.
97. 40. 11.
செக்கண்ட் ஷோ என்ற தலைப்பின்மேல் ஒரு கோடு,
நேராக, அடிமட்டம் வைத்து.
காரணம் எழுதவில்லை.
வாசிக்கப்போகிறவருக்குத் தெரியாதிருக்கும் என்று
காசுபதி நினைத்திருக்கமாட்டார்.

கடைசிப் புத்தகம். தொண்ணூறு, யூன்.
கலரி 9. பெல்கனி 0.
"5ம் ரீல் வரை ஓடியது.
கல்முனைப் பெட்டி வரவில்லை.
எட்டு மணி மட்டும் பார்த்தோம்."
கீழே வேறு மையில்,
"ஆதம்பாவாவுக்குக் கொடுக்கவேண்டியது ரூபா 35."
பிறகு வெறும் கோடுகள், நாற்பது பக்கம்.

அந்தக் கிழமை அந்த வீதியில்
யார் எந்த ஊரைத் தாண்டலாம் என்பதைப்
பெயரைக் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள்.
அவர் பெட்டியோடு திரும்பினாரா,
பெட்டி மட்டும் எங்காவது கிடந்ததா,
கடைக்காரருக்குத் தெரியாது.
அவர் கட்டடத்தை வாங்கியது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில்.
அந்த ஒன்பது பேரையும் நினைத்தேன்,
பாதிக் கதையோடு இருட்டுக்குள் இறங்கி நடந்தவர்களை.

"என்ன பெறுமதி வரும் மிஸ்?"
அவருடைய பேனையை வாங்கி எழுதினேன்:
தரை சமமற்றது, பெறுமதியில் கழிக்கவும்.
ஆதனத்தின்மேல் நிலுவைகள் உண்டா, என்று கேட்டது படிவம்.
முப்பத்தைந்து என்று எழுதி
வெட்டிவிட்டு
இல்லை என்று எழுதினேன்.

என் பேனையை எடுக்க
வடக்குச் சுவருக்கு நடந்தேன்.
பாதி வழியில் கால் தானாகவே விரைந்தது,
உள்ளே படம் போட்டுவிட்டதைப் போல.